சைக்கிள் அடிக்கடி பஞ்சர் ஆகிறதா? ஓட்டையை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

பஞ்சர் ஒட்டி மூன்றே நாளில் அதே சக்கரம் மறுபடி காற்றில்லாமல் கிடந்தால் "ஒட்டினவர் சரியா ஒட்டல" என்போம், இல்லாவிட்டால் "டியூப் மட்டம்" என்போம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: டியூபில் இருந்த ஓட்டையை அடைத்தாயிற்று, ஓட்டை போட்ட முள் மட்டும் டயருக்குள்ளேயே இருக்கிறது. அல்லது பிரச்சினை முள்ளே கிடையாது; ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போக்ஸ் கம்பியின் முனை. எத்தனை புது டியூப் மாட்டினாலும் அது அதே இடத்தில் குத்தும்.

அதனால் ஒட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது, வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் காரணம் ஏறக்குறைய தெரிந்த மாதிரிதான். கடையில் கொடுத்து ஒட்டினாலும் பக்கத்தில் நின்று இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். நல்ல பஞ்சர் கடைக்காரர் கேட்காமலேயே காட்டுவார்.

கழற்றுவதற்கு முன்

முதலில் இது பஞ்சர்தானா? எந்த டியூபும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் நிறுத்திய சைக்கிளில் காற்று குறைந்திருந்தால் அது பஞ்சர் இல்லை. காற்று அடித்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அப்படியே இருந்தால் வேலை முடிந்தது.

இறங்கியிருந்தால் சந்தேகம் முதலில் வால்வு மேல் போக வேண்டும். வால்வு மேலே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள். அப்போது வால்வின் வாய் கீழ்நோக்கி இருக்கும். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அதற்குள் வால்வு மூழ்கும்படி காட்டுங்கள். குமிழ் வந்தால் டயரைத் தொடவே தேவையில்லை. வழியில் டம்ளருக்கு எங்கே போவது என்றால், வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தடவினாலே போதும், காற்று கசிந்தால் குமிழ் ஊதும்.

பழைய பாணி கறுப்பு சைக்கிள்களிலும் பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண சைக்கிள்களிலும் பெரும்பாலும் வால் டியூப் போட்ட வால்வுதான் இருக்கும். உள்ளே ஒரு சின்ன உலோகத் தண்டு, அதன் பக்கவாட்டில் ஒரு துளை, துளையை மூடிக்கொண்டு மெல்லிய ரப்பர் குழாய். பம்பின் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்; உள்ளே இருக்கும் காற்று அதே ரப்பரைத் துளைமேல் அழுத்தி மூடிவிடும். எளிமையான ஏற்பாடு, ஆனால் அந்த ரப்பர் வெயிலில் நாள்பட வெடிக்கும், தளரும். வெளியே ஓட்டையே இல்லை, தண்ணீரில் டியூபை எத்தனை முறை முக்கினாலும் குமிழ் வரவில்லை, ஆனாலும் விடிந்தால் காற்று இல்லை என்றால் முதலில் வால் டியூபை மாற்றுங்கள். தண்டில் கொஞ்சம் எச்சில் தடவிக்கொண்டு, ரப்பர் துளையைத் தாண்டி மேலேவரை ஏறும்படி இழுத்து மாட்ட வேண்டும். பாதியில் நின்றால் மறுபடியும் கசியும். பைக் வால்வு போல இருக்கும் டியூபில் உள்ளே இருக்கும் ஊசி தளர்ந்திருக்கலாம். ஊசியைத் திருகும் மூடி கடையில் கிடைக்கும், அதை வைத்துக் கால் சுற்று இறுக்கினால் சரியாகிவிடும்.

வால்வில் குற்றமில்லை என்றால் டயரைச் சுற்றிலும் நிதானமாகப் பாருங்கள். ஆணியோ கண்ணாடியோ வெளியே தெரிந்தால் பிடுங்காதீர்கள், சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிடுங்கிவிட்டால் அப்புறம் இடம் தேட வேண்டியிருக்கும்.

அடையாளம் வைத்துக் கழற்றுவது

பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். டயரில் வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். டியூபை வெளியே எடுக்கும்போது, செயின் இருக்கும் பக்கம் எது என்று டியூபிலும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அரை நிமிட வேலை. இது இருந்தால் டியூபில் ஓட்டை கிடைத்ததும் அதற்கு நேராக டயரில் எந்த இடம், ரிம்மில் எந்த இடம் என்று உடனே சொல்லிவிடலாம். புது டயர் மாட்டும்போது டயரின் பெயர் அச்சடித்த இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டிவிட்டால் அதுவே நிரந்தர அடையாளம், சாக்பீஸும் வேண்டாம்.

மிச்சக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் ரிம்மிலிருந்து வெளியே எடுத்தால் போதும். மறுபக்கம் ரிம்மிலேயே இருக்கட்டும், அப்போதுதான் அடையாளம் நகராது. டயர் லீவர் பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது. ஸ்குரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். அது டயரைக் கழற்றும், கூடவே டியூபில் புதிதாக ஒரு ஓட்டையும் போடும்.

செயின் கவர் போட்ட சைக்கிளில் பின் சக்கரத்தையே கழற்றுவது பெரிய வேலை. கழற்றத் தேவையில்லை. ஓட்டை இருக்கும் இடம் ஓரளவு தெரிந்தால், சக்கரம் வண்டியிலேயே இருக்க டியூபைப் பக்கவாட்டில் உருவி வெளியே எடுத்து ஒட்டலாம். கடைகளில் அப்படித்தான் செய்வார்கள்.

ஓட்டையைத் தேடுவது

டியூபை வழக்கமான பருமனைவிட நன்றாகவே பெருக்கும்வரை காற்று அடியுங்கள். கொஞ்சமாக அடித்தால் சின்ன ஓட்டை வாயைத் திறக்காது. முதலில் காதருகில், பிறகு உதட்டுக்கு அருகில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். கையைவிட உதடு காற்றைச் சீக்கிரம் உணரும். அப்புறமும் கிடைக்காவிட்டால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர். ஒரு சாண் ஒரு சாணாக முக்கி, லேசாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பழைய ஒட்டுகளின் ஓரத்தையும் வால்வின் அடியையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கிடைத்ததும் பால்பாயிண்ட் பேனாவால் பெரிய கூட்டல் குறி போடுங்கள், கோடுகள் இரண்டு விரல் நீளத்துக்காவது இருக்கட்டும். சின்னப் புள்ளியாக வைத்தால் உப்புத்தாள் போடும்போதே அழிந்துவிடும். ஒரு ஓட்டை கிடைத்ததோடு நிறுத்தாமல் முழு டியூபையும் சுற்றி முடியுங்கள். நெருஞ்சிக் காட்டில் போய் வந்த டியூபில் ஒன்றோடு கணக்கு முடியாது.

ஓட்டை என்ன சொல்கிறது

இப்போது டியூபை டயரின்மேல் அப்படியே வைத்துப் பொருத்துங்கள். வால்வு வால்வு இருந்த இடத்தில், செயின் பக்கம் செயின் பக்கத்தில்.

*வெளிப்பக்கத்தில், தரையைப் பார்த்த இடத்தில் ஒரே ஒரு சின்ன ஓட்டை.* ஏதோ குத்தியிருக்கிறது. இதுதான் அதிகம் வருவது. கிராமத்து ஓரங்களில் குற்றவாளி நெருஞ்சி அல்லது சீமைக்கருவேலம். நெருஞ்சியின் காய்ந்த காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும் அமைப்பு உள்ளது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் திட்டித் தீர்ப்பதும் இதே செடியைத்தான். சீமைக்கருவேல முள் வேறு ரகம். நீளமானது, டயரைத் துளைத்ததும் வெளியே இருக்கும் பகுதி தரையில் தேய்ந்து ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. "டயரைப் பார்த்தாச்சு, முள்ளே இல்லை" என்று சொல்லி மாட்டி, மறுபடி பஞ்சர் ஆவது பெரும்பாலும் இந்த நுனியால்தான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு எதிரி உண்டு. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகள். முடியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பாக இருக்கும். டயரை வளைத்துப் பிடித்தால் மட்டுமே முனை தலைகாட்டும். விட்டால் உள்ளே போய்விடும். காற்று மெதுவாக, இரண்டு மூன்று மணி நேரம் எடுத்து இறங்கினால் இதைச் சந்தேகிக்கலாம்.

*பக்கம் பக்கமாக இரண்டு கீறல்.* பாம்பு கடித்த தடம் போல இருக்கும். இதில் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காற்று குறைவாக இருந்த டயர் குழியிலோ வேகத்தடையிலோ மோதி, டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. கேரியரில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் பின் சக்கரத்தில் இது சுலபமாக வரும். ஒட்டினாலும் காற்றின் அளவை மாற்றாவிட்டால் அடுத்த குழியில் திரும்ப வரும். ஒரே ஒரு கீறலாக வருவதும் உண்டு; முள் துளை வட்டமாக இருக்கும், நசுங்கல் கோடாக இருக்கும்.

*உள்பக்கத்தில், ரிம்மைப் பார்த்த இடத்தில் ஓட்டை.* சாலைமேல் பழி போடாதீர்கள். போக்ஸ் கம்பியின் முனை, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் ரிம் டேப் நகர்ந்து நிப்பிள் துளை திறந்து கிடக்கிறது. கோட்டம் எடுத்து வந்த சக்கரத்தில் அடுத்த சில நாளில் பஞ்சர் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். கம்பியை இறுக்கும்போது முனை உள்ளே ஏறியிருக்கும். அரத்தால் தேய்த்து மழுக்கிவிட்டு டேப்பைச் சரியாகப் போட வேண்டும். சாதாரண சைக்கிளுக்குப் பழைய டியூபை நீளமாக வெட்டிப் போட்ட பட்டையே போதும். அதிகக் காற்று அடிக்கும் மெல்லிய ரேஸ் டயருக்கு அது ஆகாது. அழுத்தத்தில் ரப்பர் பட்டை துளைக்குள் அமுங்கி, கூடவே டியூபும் அமுங்கிக் கிழியும். அதற்கு என்றே விற்கும் துணி டேப் போடுங்கள்.

*வால்வின் அடியில் கிழிசல்.* ஒட்ட முடியாது, டியூபை மாற்றத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றினால் புதியதும் அங்கேயே கிழியும். காற்று குறைவாக ஓட்டினால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டயர் ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே காற்றை இறக்கி, டயரை நகர்த்தி, வால்வை நிமிர்த்திவிடுங்கள். இன்னொரு காரணம் துளை அளவு. பைக் வால்வுக்குப் போட்ட துளை சுமார் 8.5 மில்லிமீட்டர், ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு 6.5. பெரிய துளையில் ஒல்லி வால்வை மாட்டினால் இடைவெளியில் டியூப் பிதுங்கி அறுபடும். அதற்கு ரப்பர் வாஷர் கிடைக்கிறது.

*பக்கவாட்டில் நீளக் கிழிசல், கூடவே பெரிய வெடிச் சத்தம்.* டயர் ஓரம் ரிம்மிலிருந்து வெளியே வந்து டியூப் பிதுங்கி வெடித்திருக்கிறது. மாட்டும்போது டியூப் ஓரத்தில் சிக்கியிருக்கலாம், அல்லது டயரின் பக்கச்சுவர் கிழிந்திருக்கலாம். பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசினாலும் பக்கச்சுவர் சத்தமில்லாமல் அறுந்துகொண்டே வரும். அதையும் பார்த்துவிடுங்கள்.

வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், 30 டிகிரி வெப்பத்தில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயர் 60 டிகிரிக்குச் சூடானாலும் 67, 68 பிஎஸ்ஐக்கு மேல் போகாது. நல்ல டயர் அதைத் தாங்கும். வெயிலில் வெடித்தது என்றால் ஏற்கெனவே பழுதான டயரோ, ஓரம் சரியாக உட்காராத டயரோதான். சூட்டில் பழைய ஒட்டு விட்டுப்போவது மட்டும் உண்மை.

டயரைத் தடவுவது

ஓட்டை வெளிப்பக்கம் என்றால் அதற்கு நேராக டயரின் உள்ளே பாருங்கள். டியூப் எந்தப் பக்கம் இருந்தது என்று மறந்துவிட்டால் வால்வின் இரு புறமும் அதே தூரத்தில் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும். கொஞ்சம் பஞ்சோ பழைய பனியன் துணியோ எடுத்து உள்பக்கம் முழுக்க இரண்டு திசையிலும் இழுங்கள், நுனி இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். பிறகு டயரை வெளிப்பக்கமாக வளைத்து, வெட்டுகளை விரித்துப் பார்த்து, ஊக்கால் நெம்பி எடுங்கள். நுனி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் நகவெட்டியால் கவ்வி உருவுவது எளிது.

காரணம் கையில் கிடைக்கும்வரை டியூபை உள்ளே வைக்காதீர்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது. முள் தானாக விழுந்துவிட்டிருக்கும் என்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதை நம்புவதற்கு முன் துணியை இன்னொரு சுற்று இழுத்துப் பாருங்கள்.

டயரில் அரை அங்குலத்துக்கு மேல் வெட்டு இருந்தால் உள்ளே இருந்து டியூப் பிதுங்கும். தீர்ந்துபோன டூத்பேஸ்ட் டியூபை வெட்டிக் கழுவி, இரண்டாக மடித்து உள்ளே வைத்தால் வீடு வரை தாங்கும். அதற்குப் பிறகு டயரை மாற்ற வேண்டும்.

ஒட்டுவதும் மாட்டுவதும்

இதை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்போம், அதனால் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். டியூபின் மேல் ஓடும் மெல்லிய வரம்பு ஒட்டுக்குக் கீழே வந்தால் அதை உப்புத்தாளால் சமமாகும்வரை தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஓரமாகவே காற்று கசியும். சொல்யூஷனை ஒட்டைவிடப் பெரிய வட்டமாகத் தடவி, ஈர மினுமினுப்பு போகும்வரை ஐந்து நிமிடமாவது காய விடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. அவசரப்படுகிறவர்களின் ஒட்டு விடுவதற்கு இதுதான் காரணம். ஒட்டியபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் தூவுங்கள். டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

மாட்டும்போது டியூபில் உருண்டையாக நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று வைத்துக்கொண்டு அதை டயருக்குள் நுழைத்துவிடுங்கள். வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியில் முடியுங்கள், கையாலேயே முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருந்தால், மறுபக்கத்தில் டயர் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் தளர்ச்சி கிடைக்கும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விடுங்கள், அடியில் சிக்கிய டியூப் மேலே வந்துவிடும். பாதிக் காற்றில் நிறுத்தி, டயர் ஓரத்தை ஒட்டி ஓடும் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று இரு பக்கமும் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

இனி வராமல் இருக்க

பாதிப் பிரச்சினை காற்றின் அளவில் தீரும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அளவே அல்ல. 40 பிஎஸ்ஐயும் 60 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மீட்டர் வைத்த நிற்கும் பம்பு ஒன்று வாங்குங்கள், சைக்கிளுக்குச் செலவழிப்பதில் இதைவிட உருப்படியான செலவு எனக்குத் தெரியவில்லை. டயரின் பக்கச்சுவரில் அளவு அச்சடித்திருக்கும், அதற்குள் இருங்கள். பொதுவாக, 2 அங்குல அகல மவுண்டன் டயருக்கு 35 முதல் 50, 35 மில்லிமீட்டர் ஹைப்ரிட் டயருக்கு 50 முதல் 75, 25 மில்லிமீட்டர் ரேஸ் டயருக்கு 80 முதல் 100. எடை அதிகமானவர்கள் மேல் எல்லையை ஒட்டி வையுங்கள், பின் சக்கரத்துக்கு முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. ரேஸ் டயரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மற்றவை வாரம் ஒருமுறை. பெட்ரோல் பங்க் காற்றில் கவனம் தேவை: அது பெரிய டயர்களுக்கான வேகம், சைக்கிள் டியூப் கண்சிமிட்டும் நேரத்தில் நிரம்பிவிடும். விட்டு விட்டு அடியுங்கள்.

அடுத்தது டயர். பட்டன் தேய்ந்து நடுவில் தட்டையான டயர், நூல் தெரியும் டயர், சின்னச் சின்ன வெட்டுகள் நிறைந்த டயர் இவற்றில் லைனர் (டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பட்டை) போட்டும் பயனில்லை. பின் டயர்தான் சீக்கிரம் தேயும், பஞ்சரும் அங்கேதான் அதிகம். எடை அதன்மேல், முன் சக்கரம் நிமிர்த்திவிட்ட ஆணியும் அதற்கே. புது டயர் வாங்கினால் அதை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றுங்கள். பின்னால் பஞ்சர் ஆனால் தள்ளாடி நிறுத்திவிடலாம், முன்னால் திடீரென்று காற்று போனால் விழ வேண்டியதுதான். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர்கள் உள்ளே பாதுகாப்பு அடுக்கு வைத்த டயரைப் பார்க்கலாம். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் போன்றவற்றில் அந்த அடுக்கு 5 மில்லிமீட்டர் தடிமன். கனமாக உருளும், விலையும் அதிகம், ஆனால் நெருஞ்சி அதனிடம் தோற்கும்.

லைனர் பட்டை மலிவான வழி. முள் ஊர்களில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பட்டையின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கூர்மையான ஓரம் இருந்தால் அதுவே டியூபை அறுத்துவிடும். முனைகளை வளைவாக வெட்டித் தேய்த்துவிட்டுப் போடுங்கள். பழைய டியூபை வெட்டி உள்ளே போடும் நாட்டு முறையும் சிறு முள்ளுக்குப் பயன்படும்.

சீலண்ட் திரவம் சின்னத் துளைகளை அடைக்கும், கீறல்களை அடைக்காது. சில மாதத்தில் உள்ளே காய்ந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். அது ஊற்றிய டியூபில் பிறகு ஒட்டுப் போடுவதும் தொல்லை. பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளுக்கு நான் ஊற்றச் சொல்ல மாட்டேன். டியூப்லெஸ் முறை காட்டுப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது, மார்க்கெட் போய் வருகிறவர்களுக்கு அவ்வளவு பராமரிப்பு வேண்டியதில்லை. பஞ்சரே ஆகாத கெட்டி ரப்பர் டயர் என்று விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1880களின் இறுதியில் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்ததே அந்தக் கெட்டி டயரின் உதறல் தாங்காமல்தான். அதைப் போட்டால் பஞ்சர் வராது, ஆனால் ஒவ்வொரு குழியும் இடுப்புக்கும் போக்ஸ் கம்பிக்கும் நேராக வந்து சேரும்.

ஓட்டும் விதத்தில் இரண்டு விஷயம். சாலையின் ஓரக் கடைசியில், வண்டிகள் தள்ளிவிட்ட கண்ணாடியும் கம்பியும் குவியும் இடத்தில் ஓட்டாமல் அரை அடி உள்ளே வாருங்கள். மழை விட்டதும் இன்னும் கவனம் வேண்டும். குப்பை சாலைக்கு வந்திருக்கும், ஈர ரப்பரைக் கண்ணாடி எளிதில் அறுக்கும். தவிர்க்க முடியாத குழி வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, பெடலில் நின்று கடந்து போங்கள்.

வெளியூர் ஓட்டத்துக்குப் பையில் இவ்வளவு போதும்: சரியான அளவில் ஒரு மாற்று டியூப், இரண்டு லீவர், ஒட்டுப் பெட்டி, சிறிய பம்பு, ஒரு ஊக்கு, கொஞ்சம் துணி. சக்கரத்தை நட்டால் இறுக்கியிருந்தால் அதற்கான ஸ்பேனரும். சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதத்தில் பையிலேயே காய்ந்துவிடும். கிளம்பும் முன் அமுக்கிப் பாருங்கள்.